பற்றாக்குறையில் மனிதன்: வீடியோ கேம்கள் நம்மைச் சரியாகக் காட்டுகின்றனவா?

கேள்வி: தங்கச்சிமடத்தான்

அனைவருக்கும் வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் எங்கள் விசைப்படகு ஏப்ரல் 15 முதல் கரையில்தான் கட்டிக் கிடக்கிறது. இந்த நாட்களில் அண்ணனின் கணினியில் 'திஸ் வார் ஆஃப் மைன்' என்ற ஆட்டத்தை ஆடத் தொடங்கினேன். போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ் நிறுவனம் 2014இல் வெளியிட்ட இந்த ஆட்டம், 1990களில் போஸ்னியாவின் சரயேவோ நகர மக்கள் முற்றுகைக்குள் பட்ட பாட்டை அடியொற்றி உருவானது. இதில் நாம் படைவீரர் அல்லர். இடிந்த வீடொன்றில் ஒடுங்கியிருக்கும் சாதாரண மக்களுக்குப் பகலில் அடுப்பு மூட்டிக் கொடுத்து, இரவில் அவர்களில் ஒருவரை உணவும் மருந்தும் தேடி வெளியே அனுப்ப வேண்டும்.

ஓர் இரவு, முதிய கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் நுழைந்தேன். எடுக்க வேண்டாம் என்று அந்தப் பெரியவர் கெஞ்சினாரே தவிர, கையை ஓங்கவில்லை. என் ஆட்களில் ஒருவருக்கு நோய் முற்றியிருந்ததால் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளி வந்துவிட்டேன். மறுநாள் என் வீட்டார் வயிறு நிறைந்திருந்தும் மனம் உடைந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாட்கள் நான் அந்த ஆட்டத்தைத் திறக்கவே இல்லை.

இத்தகைய ஆட்டங்கள் மனித இயல்பை உள்ளபடி காட்டுகின்றனவா, அல்லது திருடுவதற்கு மட்டும் வழி வைத்துவிட்டு 'மனிதன் இப்படித்தான்' என்று நம்மை நம்ப வைக்கின்றனவா? மனிதனின் பெருமையைப் போர்க்களத்துக்கு வெளியே காட்டும் ஆட்டங்கள் உண்டா?

பதில் 1: மண்டபம் முகாமில் வளர்ந்தவள்

தம்பி, என் அம்மா 1990இல் தலைமன்னாரிலிருந்து படகேறி வந்தவர். நான் இந்த ஆட்டத்தை ஆடும்போது அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், நீங்கள் சொன்ன அதே வீடு வந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்தக் கிழவரிடம் இருப்பதையும் உங்களிடம் இருப்பதையும் ஒரே பானையில் போட்டுக் காய்ச்சி, எல்லாரும் குடித்தால் என்ன?" ஆட்டத்தில் அதற்கு வழியே இல்லை. எங்கள் முகாமிலோ முதல் சில மாதங்கள் நான்கு குடும்பங்களுக்கு ஒரே அடுப்புதான் எரிந்தது என்று அம்மா இன்றும் சொல்வார். ஆகவே ஆட்டம் காட்டுவது பொய் என்று நான் சொல்லமாட்டேன். அது பாதியைத்தான் காட்டுகிறது.

ஒன்றை மட்டும் அதன் பக்கம் நின்று சொல்ல வேண்டும். தாய்க்கு மருந்து வேண்டும் என்று இரண்டு பிள்ளைகள் வந்து கதவைத் தட்டும் கட்டம் ஒன்று உண்டு. கொடுத்தால் கையிருப்பு குறையும், ஆனால் வீட்டில் உள்ளவர்களின் மனம் தெளியும். கொடுப்பவனுக்கு உள்ளே என்ன நேர்கிறது என்பதை ஆட்டத்தின் கணக்கிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

லூகாஸ் போப் 2013இல் உருவாக்கிய 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' ஆட்டத்தையும் ஆடிப் பாருங்கள். அதில் நீங்கள் எல்லைச் சாவடியில் முத்திரை குத்தும் ஊழியர். கணவனின் தாள்கள் சரியாக இருக்கும். பின்னால் வரும் மனைவியின் தாளில் குறை இருக்கும். அவளை உள்ளே விட்டால் தவறு உங்கள் பெயரில் பதிவாகும்; தவறுகள் கூடினால் கூலியில் பிடிப்பார்கள், வீட்டில் உங்கள் பிள்ளை குளிரில் கிடக்கும். பதிவுத் தாளுக்காக வரிசையில் நின்ற குடும்பத்தில் பிறந்த எனக்கு, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவனும் அஞ்சிக்கொண்டுதான் இருக்கிறான் என்பது அன்றுதான் உறைத்தது.

பதில் 2: கீழக்கரை வாசகன்

அக்கா சொன்ன 'பாதி'யைப் பற்றி ஒரு சொல். மனிதர் மெய்யாகவே என்ன செய்வார்கள் என்பது, ஆட்டத்தை எழுதியவர் எதையும் திட்டமிடாத இடத்தில்தான் தெரியும். 2005 செப்டம்பரில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய ஆட்டத்தில், ஓர் அரக்கனோடு போரிடும் இடத்தில் மட்டும் இருக்க வேண்டிய நோயொன்று, வளர்ப்பு விலங்குகளின் வழியாகத் தற்செயலாக நகரங்களுக்குள் பரவிவிட்டது. ஆட்டக்காரர்களில் வலிமை குறைந்தவர்கள் நொடிப் பொழுதில் மாண்டார்கள். குணமாக்கும் ஆற்றல் உள்ள சிலர், தாமும் சாவோம் என்று தெரிந்தே நோயாளிகளிடம் ஓடினார்கள். வேறு சிலர் நோயைச் சுமந்துகொண்டு வேண்டுமென்றே கூட்டம் மிகுந்த இடங்களைத் தேடிப் போனார்கள். யாருக்கும் யாரும் கட்டளையிடவில்லை. தொற்றுநோய் ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 2007இல் மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். கொரோனா காலத்தில் இரண்டு வகையினரையும் நாம் கண்ணால் பார்த்தோம்.

பெருமை மட்டும் போதும் என்றால், ஜப்பானிய ஆட்ட வடிவமைப்பாளர் கொஜிமாவின் 'டெத் ஸ்ட்ராண்டிங்' (2019). நீங்கள் பாறையில் சாத்திவிட்டுப் போகும் ஏணி, எங்கோ இருக்கும் முகமறியாத ஒருவரின் ஆட்டத்தில் அவர் ஏறுவதற்கு நிற்கும்.

பதில் 3: பாம்பன் பழைய படகாள்

பன்னிரண்டு ஆண்டுகள் விசைப்படகில் இழுவைமடி இழுத்தவன் என்பதால், எனக்கு நெஞ்சில் தைத்தது 2005இல் வந்த 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்'. இறந்துபோன பெண்ணை உயிர்ப்பிக்க ஓர் இளைஞன் பதினாறு பெரும் உயிர்களை ஒவ்வொன்றாக வீழ்த்த வேண்டும். அவற்றில் சில, அவன் சீண்டும் வரை தம்பாட்டில் திரிபவை. ஒவ்வொன்றும் சாயும்போது வெற்றி முழக்கம் கேட்காது, துயர இசைதான் கேட்கும். அவனுடைய முகமும் மெல்லக் கருகிக்கொண்டே வரும். அவனைக் கொடியவன் என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் அவன் செய்வதெல்லாம் அன்பினால்தான். நாங்களும் பிள்ளைகளின் படிப்புக்காகத்தான் அடிக்கடலைச் சுரண்டினோம். குஞ்சு மீனும் பாசியும் சேர்ந்தே மடியில் ஏறின. குறையையும் நிறையையும் தனித்தனியே பிரித்துக் காட்டும் ஆட்டங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

தங்கச்சிமடத்தான்

மூவருக்கும் நன்றி. அக்கா, உங்கள் அம்மா கேட்டதை என் வீட்டில் சொன்னேன். நேற்று இரவு ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினேன். அந்தப் பிள்ளைகள் வந்து தட்டியபோது, கையிலிருந்த ஒரே மருந்தைக் கொடுத்துவிட்டேன். பாம்பன் அண்ணன் சொன்ன ஆட்டத்துக்குப் பிளேஸ்டேஷன் வேண்டுமாம். ராமேசுவரம் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். ஜூன் 14 முடிந்தால் நான் கடலுக்குப் போய்விடுவேன்.