வரைபடத்தில் தெரிவதை அப்படியே செய்தியாக்கலாமா?

கேள்வி:
மாவட்ட நிருபராகப் பணியாற்றுகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெற்ற சாலை விபத்துப் பட்டியலை நேரவாரியாகப் பட்டை வரைபடமாக்கியபோது, மாலை 6 முதல் 9 மணி வரையிலான பட்டைகள் மட்டும் நெடிதுயர்ந்து நின்றன. இதையே செய்தியாக எழுதலாமா?

மறுமொழி 1:
அந்தப் பட்டைகளை விடையாகக் கொள்ளாமல் கேள்வியாகக் கொள்ளுங்கள். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் அமெரிக்காவின் தெற்கு புளோரிடாவைச் சூறையாடிய பின், மயாமி ஹெரால்டு நாளிதழின் நிருபர் ஸ்டீபன் டோய்க், காற்றின் வேகம் காட்டும் நிலவரைபடத்தையும் வீடுகளின் சேத விவரங்களையும் பொருத்திப் பார்த்தார். காற்று வலுவாக வீசிய இடத்தில்தான் சேதம் மிகுந்திருக்க வேண்டும். ஆனால் வேகம் குறைந்திருந்த பகுதிகளிலும் வீடுகள் சிதைந்திருந்தன. கட்டிய ஆண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, 1980-க்குப் பின் எழுந்த புது வீடுகளே பழையவற்றைவிட அதிகம் சேதமடைந்தது புலப்பட்டது. கட்டட விதிகளும் ஆய்வுகளும் தளர்ந்துபோனதை நிருபர்கள் தேடிச்சென்று எழுதினார்கள். அந்நாளிதழுக்கு 1993-இல் அமெரிக்க இதழியலின் உயர் விருதான புலிட்சர் பரிசு, பொதுச்சேவைப் பிரிவில் கிடைத்தது. எனக்கு இன்றும் வியப்பளிப்பது, பொருந்தாத இடத்தில் டோய்க்கின் கண் நின்றதுதான்.

மறுமொழி 2:
மாலையில் வண்டிகளே அதிகம் ஓடுவதால், போக்குவரத்து அளவோடு ஒப்பிடாமல் அந்நேரம் ஆபத்தானது என்று எழுதிவிடாதீர்கள். பட்டியலிலுள்ள நேரம் விபத்து நடந்த நேரமா, புகார் பதிவான நேரமா என்பதையும் காவல் நிலையத்தில் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. காவல் நிலைய முதல் தகவல் அறிக்கைகளில் பத்தை எடுத்துவைத்துப் பார்த்தேன். நான்கில் புகார் நேரமே பதிவாகியிருக்கிறது. பட்டியல் முழுவதையும் மீண்டும் சரிபார்க்கிறேன்.