சட்ட நிறுவனங்களுக்கான விண்ணப்பக் கடிதத்தில் என்னதான் எழுதுவது?

கேள்வி:
வணக்கம். சட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். இதுவரை 11 நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தும் ஒன்றிலிருந்தும் அழைப்பு வரவில்லை. 'தங்களது புகழ்பெற்ற நிறுவனத்தில் பணியாற்றுவது என் நெடுநாள் கனவு' என்று தொடங்கும் ஒரே கடிதத்தைத்தான் பெயரை மட்டும் மாற்றி அனுப்பி வந்தேன். தன்விவரக் குறிப்பில் எல்லாமே இருக்கும்போது கடிதத்தில் வேறென்ன சொல்வது? இரண்டாம் ஆண்டில் என் மதிப்பெண்கள் சரிந்ததையும் அதில் குறிப்பிட வேண்டுமா?

பதில் 1:
வரும் விண்ணப்பங்களை முதலில் பிரித்துப் பார்க்கும் வேலையைச் சில ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் வரி எந்த நிறுவனத்துக்கும் எழுதப்பட்டதல்ல என்பது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அந்தக் கனவு வரியை எடுத்துவிடுங்கள். 'ஒப்பந்தச் சட்டத்தில் ஆர்வம் உண்டு' என்பதற்குப் பதிலாக, 'பயிற்சியின்போது, ஒரு கட்டுமானத் தகராறில் கோரிக்கை காலவரையறைக்குள் வருகிறதா என்று ஆராய்ந்து நான்கு பக்கக் குறிப்பு தயாரித்தேன். அதன் இரண்டு பத்திகளை மூத்த வழக்கறிஞர் மனுவில் சேர்த்துக்கொண்டார்' என்று எழுதிப் பாருங்கள். அடுத்த வரியில், அந்த நிறுவனம் அதே துறையில் நடத்தும் வழக்குகளோடு இதை இணைத்துக் காட்டினால், ஏன் அவர்களிடம் விண்ணப்பிக்கிறீர்கள் என்பதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது. ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

பதில் 2:
மேலே உள்ள யோசனை சரியானதே, ஆனால் ஒரு எச்சரிக்கை. கட்சிக்காரரின் பெயரை எழுதாவிட்டாலும், தொகை, இடம், தேதி ஆகியவற்றைச் சேர்த்தால் துறையில் இருப்பவர்கள் வழக்கை அடையாளம் கண்டுவிடுவார்கள். முந்தைய அலுவலகத்தின் இரகசியத்தைக் கடிதத்திலேயே வெளியிடுபவர் நாளை நம்முடையதையும் வெளியிடுவார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். செய்த வேலையின் தன்மையைச் சொல்லுங்கள், வழக்கின் கதையைச் சொல்லாதீர்கள்.

பதில் 3:
மதிப்பெண் பட்டியலை எப்படியும் கேட்பார்கள், ஆகவே மறைக்க வழியில்லை. உடல்நலக் குறைவு, குடும்பப் பொறுப்பு போன்ற உண்மையான காரணம் இருந்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லி, அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் முன்னேற்றத்தையும் அதே வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள். காரணம் இல்லையென்றால் பேசாமல் விட்டுவிடுவதே நல்லது. மன்னிப்புக் கோரும் பத்தி அந்தச் சரிவை இன்னும் பெரிதாக்கிக் காட்டும். பெறுபவரின் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறீர்களா என்பதையும் ஒருமுறை பாருங்கள். வரைவெழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு, உங்கள் கடிதமே உங்கள் முதல் வரைவு.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இதைப் படித்த பிறகு அனுப்பிய கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஏழாவது கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஆறாவது நிறுவனத்தின் பெயர் அப்படியே இருக்கிறது.