கையடக்க விறகடுப்பு: பாத்திரம் ஏற்றியதும் தீ அணைந்து புகைகிறது

நடைவழி:
அனைவருக்கும் வணக்கம். கூடாரம் அடித்துத் தங்கும்போது எரிவாயு உருளையைச் சுமக்க வேண்டாம் என்று எண்ணி, ஏறக்குறைய அரைக் கிலோ எடையுள்ள, இரட்டைச் சுவர் கொண்ட எவர்சில்வர் விறகடுப்பு ஒன்றை வாங்கினேன். சென்ற ஞாயிறன்று மொட்டைமாடியில் வாய் வரை சுள்ளிகளை நிரப்பி, அடியில் காகிதம் செருகிக் கொளுத்தினேன். ஐந்து நிமிடம் நன்றாக எரிந்த தீ, பாத்திரத்தை ஏற்றியதும் அணைந்து, பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கும் அளவுக்குப் புகைந்தது. டிசம்பரில் கொடைக்கானல் பூம்பாறைப் பக்கம் நண்பரின் தோட்டத்தில் நால்வர் இரண்டு நாள் தங்கவிருக்கிறோம். குறை அடுப்பிலா, என் கையிலா?

சுள்ளிபொறுக்கி:
அடுப்பில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. இத்தகைய அடுப்பில் அடித்துளைகள் வழியே நுழையும் காற்று விறகை எரிக்கிறது. இரு சுவர்களுக்கும் இடையே ஏறிச் சூடாகும் காற்றோ, உட்சுவரின் மேல்விளிம்பையொட்டிய துளைகள் வழியே பாய்ந்து, விறகிலிருந்து கிளம்பும் புகையையே எரித்துவிடுகிறது. நீங்கள் வாய் வரை நிரப்பியதால் மேல்துளைகள் அடைபட்டு, அடுப்புக்குள் எரிந்திருக்க வேண்டிய புகை வெளியே வந்திருக்கிறது. சுண்டுவிரல் பருமனுள்ள சுள்ளிகளை ஒடித்து, மேல்துளைகளுக்கு இரண்டு விரற்கடை கீழே வரை மட்டும் அடுக்கி, அதன்மேல் தேங்காய் நாரை வைத்து மேலிருந்து கொளுத்துங்கள்; தீ மெல்லக் கீழிறங்கும்.

பாத்திரம் ஏற்றியதும் அணைந்ததற்குக் காரணம் வேறு. நம் வீட்டு மண்ணடுப்பில் மூன்று குமிழ்கள் இருப்பது பாத்திரத்துக்கும் அடுப்பின் வாய்க்கும் இடையே தீ மூச்சுவிட இடம் வேண்டும் என்பதற்காகத்தான். உங்கள் அடுப்புக்கும் ஒரு தாங்கி வளையம் இருக்க வேண்டும். சில அடுப்புகளில் அதை உள்ளே கவிழ்த்து வைத்தே அனுப்புவார்கள். புதிதாக வாங்குபவர்கள் அதை அடுப்பின் ஒரு பகுதி என்று எண்ணி எடுக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஈரவிறகு:
முந்தையவர் சொன்னது சரி, ஆனால் பூம்பாறையில் உங்களைச் சோதிக்கப்போவது பனி. காலையில் தரையில் கிடக்கும் சீகைமரச் சுள்ளி தொட்டாலே ஈரமாக இருக்கும். ஒடித்தால் 'சடக்' என்று முறியாமல் வளைகிற குச்சியை அடுப்பில் இடாதீர்கள். முதல் நாள் பகலிலேயே பொறுக்கிக் கூடாரத்தின் வெளிமறைப்புக்குள் வைப்பதோடு, ஊரிலிருந்து ஒரு பை உடைத்த சிரட்டையும் எடுத்துச் செல்வது நல்லது. கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடுவதால் சோறு வேகத் தாமதமாகும். அரிசியை முன்கூட்டியே ஊறவையுங்கள். நால்வருக்கும் ஒரே தடவையில் சமைக்க இந்தச் சிறிய அடுப்பு போதாது. பாத்திரத்தின் வெளிப்புறத்தில் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டால் கரி எளிதில் கழுவப்பட்டுவிடும்.

எல்லைக்கல்:
தோட்டத்துக்குள் மட்டும் பற்றவையுங்கள். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் மாண்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அடுப்பின் அடிப்பகுதியும் சுடும் என்பதால் சருகுகளை அகற்றித் தட்டையான, காய்ந்த கல்லின் மீது வையுங்கள். ஓடைக்குள் கிடந்த கல் சூட்டில் வெடிக்கக்கூடும். எவ்வளவு குளிரினாலும் கூடாரத்துக்குள் தணலைக்கூடக் கொண்டு போகாதீர்கள், ஏனெனில் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

நடைவழி:
மிக்க நன்றி. வளையம் அடுப்புக்குள்தான் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேலேயே சுள்ளியை அடுக்கியிருக்கிறேன். இன்று அதை எடுத்துப் பொருத்தி, பாதிக்குச் சற்று மேலே நிரப்பி, மேலிருந்து கொளுத்தியதில், மேல்துளை ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனிச் சுடர் பாய்வதைக் கண்ணால் பார்த்தேன். தேநீர் கொதித்துவிட்டது. சாம்பல் பூசத்தான் மறந்துவிட்டேன், பாத்திரம் இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது.