கச்சான் தொடங்கினால் டப்னியா படுத்துவிடுகிறது: என்ன செய்யலாம்?

கல்லடி மீன்தொட்டி

மீன்குஞ்சுத் தீனிக்கு டப்னியா மக்னா என்ற நீர்த்தெள்ளு வளர்க்கிறேன். தகரக் கூரைப் பத்தியில் 10 லீற்றர் பேசின் மூன்று. தீனி ஈஸ்ட். தை, மாசியில் நன்றாகப் பெருகும். கச்சான் (வைகாசி முதல் வீசும் காய்ந்த தென்மேற்குக் காற்று) அடிக்கத் தொடங்கினால் டப்னியா முதலில் சிவப்பாகும், பிறகு ஒருநாள் விடியப் பார்த்தால் அடியில் வெள்ளையாகக் கிடக்கும். மத்தியானம் தண்ணீர் 33 பாகை. பேசினுக்கு ஒரு லீற்றர் ஐஸ் போத்தல் ஒன்று போட்டும் பலனில்லை. இது எத்தனை பாகைவரை தாங்கும்? அடிக்கடி கிணற்றுத் தண்ணீர் மாற்றினால் சரிவருமா?

காரைதீவுக் குளம்

தம்பி, 33 பாகை மட்டும் கொல்லவில்லை. கொல்வது மூச்சு. மத்தியானம் சாகாமல் விடியச் சாகிறதே, அதை வைத்தே சொல்லலாம்.

டப்னியா மக்னாவுக்கு வசதியான வெப்பநிலை 18 முதல் 22 பாகை. அதன் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். தண்ணீர் 10 பாகை ஏறினால் அதன் ஒட்சிசன் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். தண்ணீரோ எதிர்ப்பக்கம் போகிறது. 20 பாகையில் லீற்றருக்கு 9.1 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும், 33 பாகையில் 7.2 தான். அதையும் இரவில் ஈஸ்ட்டும் பற்றீரியாவும் பங்குபோட்டுக் குடிக்கின்றன. விடியற்காலை நாலு ஐந்து மணிக்கு அடித்தட்டில் ஒன்றும் மிஞ்சாது.

சிவப்பு நிறம் நோயல்ல. ஒட்சிசன் குறையும்போது அது ஈமோகுளோபினைக் கூட்டிக்கொள்கிறது, அதுதான் ஓடு வழியே தெரிகிறது. மெல்ல மெல்லச் சூடாகும் தண்ணீரில் இப்படிப் பழகிக்கொண்டு 28, 29 பாகையிலும் வாழும். ஆனால் ஈமோகுளோபின் செய்யச் சில நாள் எடுக்கும், ஒரு மத்தியானத்தில் முடியாது. ஆகவே சிவப்பைக் கண்ட அன்றே தீனியை நிறுத்திக் காற்றுக் கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகு காத்திருப்பது வீண்.

சூட்டுக்கு இன்னொரு காப்பு, கலங்களுக்குள் புரதங்கள் குலையாமல் பிடித்துவைக்கும் காப்புப் புரதங்கள். எல்லா உயிருக்கும் இது ஒரே அளவில் வராது. ஐதரா என்ற சின்ன நன்னீர் உயிரில், ஐதரா ஒலிகாக்டிஸ் என்ற குளிர்நீர் இனம் இவற்றைச் சரியாகச் செய்யமாட்டாமல் சூட்டில் சாகும். ஐதரா வல்காரிஸ் தாங்கும். (டப்னியாத் தொட்டியில் புகுந்து தின்னும் ஐதராவைச் சூடாக்கிக் கொல்லப் பார்ப்பவர்கள் இதையும் யோசியுங்கள்.)

ஐஸ் போத்தலுக்குக் கணக்கு: ஒரு லீற்றர் ஐஸ் முழுதும் உருகினால் 33 பாகையிலுள்ள 10 லீற்றர் தண்ணீர் 22, 23 பாகைக்கு இறங்கும். பின்னேரம் திரும்ப 32. நாளுக்கு 10 பாகை இறக்கி ஏற்றினால் அது எந்தச் சூட்டுக்கும் பழகமுடியாது. அதே போத்தல் 60 லீற்றரில் 2 பாகைதான் இறக்கும், அது பரவாயில்லை. சின்னப் பேசின்தான் உங்கள் முதல் எதிரி.

கிணற்றுத் தண்ணீர் 28 பாகைக்குக் கிட்டத்தான் இருக்கும், அதனால் குளிர்விக்கும். ஆனால் இறைத்த உடனே அதில் ஒட்சிசன் குறைவு. ஒரு இரவு காற்றடித்துவிட்டு, வெப்பநிலை வித்தியாசம் 2 பாகைக்குள் இருக்கும்போது, ஒரு தடவைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதீர்கள்.

ஏறாவூர்க் காக்கா

காரைதீவார் சொன்னது சரி. வைக்கிற முறையை நான் சொல்கிறேன்.

மூன்று பேசினையும் விட்டுவிட்டு 60 லீற்றருக்குக் குறையாத ஒரு பரல். தகரத்துக்குக் கீழே வேண்டாம், தகரம் பின்னேரம் முழுக்கச் சூட்டைக் கீழே இறக்கும். கிடுகுக் கூரை அல்லது மர நிழல். பரலைச் சுற்றிச் சாக்கு, பரல் நிற்க ஒரு தாம்பாளம், அதில் எந்நேரமும் இரண்டு அங்குலம் தண்ணீர். சாக்கின் அடி அதில் தொட்டுக்கொண்டு நிற்கவேண்டும். கச்சான் காய்ந்த காற்று, ஈரச் சாக்கை அது ஆற்றும்போது பரல் குளிரும். நாம் ஏசுகிற அந்தக் காற்றே வேலை செய்யட்டும். கடற்காற்று வீசும் பின்னேரங்களில் ஈரப்பதன் கூட, அப்போது பலன் குறைவு. ஒரு சின்ன ஃபேன் பிடித்தால் போதும். தாம்பாளத்தில் நுளம்பு பெருகாமல் நாலு நாளுக்கொருதரம் ஊற்றிவிடுங்கள்.

காற்றுக் குழாயில் கல் போடவேண்டாம். நுண்குமிழி டப்னியாவின் ஓட்டுக்குள் புகுந்து மேலே மிதக்கவைத்துக் கொன்றுவிடும். வெறும் குழாய், விநாடிக்கு இரண்டு மூன்று பெரிய குமிழி.

ஈஸ்ட் 20 லீற்றருக்கு அரைக் கிராமுக்குள். மறுநாள் தண்ணீர் தெளியாவிட்டால் அன்று தீனி இல்லை. வெக்கையில் மிஞ்சின ஈஸ்ட் அழுகி அமோனியா வரும். பி.எச். 8 உள்ள தண்ணீரில் 20 பாகையில் அதன் 4 வீதமளவே நஞ்சு வடிவில் இருக்கும், 30 பாகையில் 7 வீதத்தைத் தாண்டும். அதே அழுக்கு, ஏறக்குறைய இரட்டை நஞ்சு.

வற்றின அளவை மழைத் தண்ணீரால் நிரப்புங்கள். கிணற்றுத் தண்ணீராலேயே நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் பைப் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து காற்றடிக்கவேண்டும்.

கல்லடி மீன்தொட்டி

நன்றி அண்ணே, நன்றி காக்கா. அந்தப் பத்தியில் இரவில் நுளம்புச் சுருள் கொளுத்துவோம். அதுவும் காரணமா?

ஏறாவூர்க் காக்கா

கட்டாயம் நிறுத்துங்கள். சுருளிலும் டெங்குக்கு அடிக்கிற புகையிலும் இருப்பது பெரும்பாலும் பைரித்ரொயிட் வகை மருந்து. டப்னியாவுக்கு அது மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. புகை அடிக்க வருகிறார்கள் என்றால் பரலை மூடிக் காற்று மோட்டரையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மோட்டரே புகையை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதிவிடும். கிணற்றுக்கு நுளம்பு மருந்து போட்டிருந்தால் அந்தத் தண்ணீரும் வேண்டாம்.

அக்கரைப்பற்று மொயினா

இவ்வளவு பாடு எதற்கு? வைகாசி முதல் புரட்டாதிவரை டப்னியாவின் சின்ன உறவான மொயினாவுக்கு மாறுங்கள். அதற்கு 24 முதல் 31 பாகை உகந்தது, நாலு முதல் ஏழு நாளில் குட்டி போடும், மொயினா மைக்ரூரா நம் நாட்டுக் குளங்களில் இயற்கையாகவே உண்டு. குஞ்சு வாய்க்கும் அளவானது, ஒரு மில்லிமீற்றர்தான். குளத்தில் அள்ளினதை அப்படியே ஊற்றாதீர்கள், தும்பிக் குடம்பி வந்தால் முழுத் தொட்டியும் போச்சு. சொட்டுக் குழாயால் மொயினாவை மட்டும் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுங்கள்.

காரைதீவுக் குளம்

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் வளர்ந்த மீனுக்கு மொயினா மிகச் சின்னது. மக்னாவை முழுதாகக் கைவிடாமல் முட்டையாகச் சேமிக்கலாம். நெருக்கமும் தீனிக் குறைவும் வந்தால் ஆண்கள் பிறந்து, பெண்ணின் முதுகில் கறுத்த சேணம்போன்ற உறையில் இரண்டு முட்டை உருவாகும். குளிர் நாடுகளில் பகல் குறுகுவதும் இதைத் தூண்டும். மட்டக்களப்பில் ஆண்டு முழுதும் பகல் நீளம் ஒரு மணி நேரம்கூட மாறாது, எனவே நெருக்கத்தைத்தான் நம்பவேண்டும். பங்குனி, சித்திரையில் ஒரு பேசினை அள்ளாமல் நெருங்கவிடுங்கள். கறுத்த உறைகளை அரித்தெடுத்துக் கொஞ்சம் தண்ணீரோடு மூடிய போத்தலில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், 4 பாகையளவில், இருட்டில் வையுங்கள். ஐஸ் பெட்டியில் அல்ல. மாரி தொடங்கினதும் புதுத் தண்ணீரில் நல்ல வெளிச்சத்தில் வைத்தால் சில நாளில் பொரிக்கும். எல்லாம் ஒரே தடவையில் பொரிக்காது, உறைகளைக் கொட்டிவிடாதீர்கள். மிஞ்சுகிற மக்னாவை வாய்க்காலிலோ வாவியிலோ ஊற்றவும் வேண்டாம், மீனுக்கே கொடுத்து முடியுங்கள்.