மேடே இல்லாத ஊர்ல இருந்துக்கிட்டு மலை ரேஸ்க்கு எப்படி ரெடியாகறது?

மக்களே ஒரு ஹெல்ப். ஏற்காட்டுல 30 கிலோமீட்டர் ட்ரெயில் ரன்னுக்கு பேர் குடுத்துட்டேன், மொத்த ஏத்தம் 1,200 மீட்டராம், நான் இருக்கிறது வேளச்சேரில, இங்க மேடுன்னா ஃப்ளைஓவர்தான்.

ரோட்ல ஹாஃப் மாரத்தான் ஓடியிருக்கேன், அந்த தைரியத்துல போன வாரம் ஏலகிரி போய் 14 கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கிப் பாத்தேன். ஏறும்போது மூச்சு வாங்குச்சு, நடந்து சமாளிச்சுட்டேன், ஆனா இறங்குறப்பதான் செத்தேன், முன்தொடை ரெண்டும் கடகடன்னு ஆடுது, கட்டைவிரல் நகம் ஷூ முனைல இடிச்சு இடிச்சு கருத்தே போச்சு. மறுநாள் மாடிப்படிய பின்பக்கமா திரும்பி இறங்குனேன், வீட்ல ஒரே சிரிப்பு.

இப்போ வாரம் ரெண்டு நாள் அப்பார்ட்மெண்ட்ல 9 மாடி படி 8 தடவை, ஞாயித்துக்கிழமை பரங்கிமலை. இது போதுமா? ட்ரெட்மில்ல இன்க்ளைன் வச்சு நடந்தா ஏத்தத்துக்கு ஓகே, இறக்கத்துக்கு என்னதான் பண்றீங்க? ஷூ அரை சைஸ் பெருசா வாங்குன்னு ஒருத்தர் சொல்றார், லேஸ கணுக்கால்கிட்ட இறுக்கிக் கட்டுனாலே போதும்ங்கறார் இன்னொருத்தர். கைல ஸ்டிக் வேணுமா? இன்னும் 10 வாரம்தான் இருக்கு, ஓடுனவங்க யாராச்சும் சொல்லுங்கப்பா.