மறுமொழி: இன்ஜெக்டர் லீக் – கசிவா, சொட்டா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

> ‘எரிபொருள் உட்செலுத்தி’, ‘உட்செலுத்திக் கசிவு’ என்று வைத்துக்கொண்டு இந்த இழையை முடித்துவிடலாம்.

‘இன்ஜெக்டர்’ (எஞ்சினுக்குப் பெட்ரோலை விடும் சிறு வால்வு), ‘இன்ஜெக்டர் லீக்’ இரண்டுக்கும் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை இப்போதே முடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் கார்ப் பட்டறை வைத்திருக்கிறேன். இதே இரண்டு சொற்களால் என் கண்ணெதிரே ஒரு வேலை கெட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஒரு போர்ஷே 944 வந்தது. 1982 முதல் 1991 வரை தயாரித்த வண்டி, இது 2.5 லிட்டர், நாலு சிலிண்டர். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலத்தில் அப்பாவோடு போய்ப் பார்த்து வளர்ந்தவர் அதன் சொந்தக்காரர். காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் கிளம்பாது. முக்கி முனகிக் கிளம்பினாலும் கரும்புகை, குப்பென்று பெட்ரோல் வாடை.

எங்கள் பட்டறையில் வேலைச் சீட்டைத் தமிழில்தான் எழுதுவோம். ‘உட்செலுத்தியில் கசிவு, சரி செய்யவும்’ என்று எழுதிப் பையனிடம் கொடுத்துவிட்டு மாதவரம் வரை போய்விட்டேன். கசிவு என்றால் வெளியே ஈரம் என்றுதான் அவன் எடுத்துக்கொண்டான். நாலு இன்ஜெக்டருக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று எட்டு ஓ-ரிங்கையும் (இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம்) மாற்றினான். சுத்தமான வேலை. மூன்றாம் நாள் அதே குறையோடு வண்டி திரும்பி வந்தது. பையன் மேல் தவறில்லை, சீட்டில்தான் தவறு.

இரண்டாவது முறை நானே உட்கார்ந்தேன். எரிபொருள் ரெயிலில் (நாலு இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) பிரஷர் கேஜ் மாட்டி எஞ்சினை நிறுத்தினால் அழுத்தம் சில நிமிடத்திலேயே இறங்கியது. அது மூன்று வழியாக இறங்கலாம்: பம்பின் ஒருவழி வால்வு, அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டர், இன்ஜெக்டர். ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றி முகர்ந்தேன். உள்ளே பெட்ரோல் இல்லை, அதனுள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழியவில்லை. வரும் ஹோஸையும் திரும்பும் ஹோஸையும் ரப்பர் வெட்டுப்படாத கிளாம்பால் நெருக்கி அடைத்துப் பார்த்தேன். அப்போதும் முள் இறங்கியது. மிச்சம் இருப்பது இன்ஜெக்டர் மட்டும்.

அப்புறம் ரெயிலோடு நாலையும் தூக்கி, ஒவ்வொன்றின் நுனிக்கும் கீழே ஒரு வெள்ளை அட்டையை வைத்து, பம்பை மட்டும் ஓடவிட்டோம். (எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், காற்றோட்டமான இடம் வேண்டும், பக்கத்தில் தீயணைப்பான் வேண்டும். இதில் சமரசமே கிடையாது.) மூன்று அட்டை காய்ந்து கிடந்தது. மூன்றாவது சிலிண்டர் அட்டையில் மட்டும், நுனியில் ஒரு துளி திரண்டு, கனத்து, விழுந்தது. அடுத்தது திரண்டது. அந்த சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கும் கரி பூசினமாதிரி இருந்தது; ஆயில் அளவுக்கோலை முகர்ந்தால் பெட்ரோல்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ஓ-ரிங் வழியாக வெளியே வருவதும், இன்ஜெக்டரின் வாயை மூடும் ஊசி தன் இருக்கையில் சரியாக உட்காராமல் நுனி வழியாக உள்ளே விழுவதும் ஒரே நோய் இல்லை. முதலாவது சூடான எஞ்சின் மேல் பட்டுத் தீப்பிடிக்கலாம். மருந்து, எத்தனால் தாங்கும் வைட்டான் என்ற ரப்பர் வகை வளையம். 2023-இல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்த பிறகு பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டாவது ஆயிலை நீர்க்கவைத்து பேரிங்கைத் தின்னும். மருந்து, அல்ட்ராசானிக்கில் (மீயொலி அதிர்வில்) அலசுவது, அதற்கும் அடங்காவிட்டால் இன்ஜெக்டரையே மாற்றுவது. இரண்டுக்கும் ‘கசிவு’ என்று எழுதினால் படிப்பவன் எதைப் பிடிப்பான்?

கசிவு என்ற சொல்லை நாம் ஏற்கெனவே தாறுமாறாக இழுத்துவிட்டோம். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எர்ணாவூர்க் கரையெல்லாம் எண்ணெய் அப்பிக்கொண்டு, ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். அதற்கும் ‘எண்ணெய்க் கசிவு’ என்றே செய்தி வந்தது. வாளியால் அள்ளுவது கசிவா? சுவரில் ஈரம் பூப்பது கசிவு. கண் கசியும். அந்த மெல்லிய ஊறலுக்கு அந்தச் சொல்லை விட்டுவைப்போம்.

‘உட்செலுத்தி’ மேலும் எனக்குக் குறை உண்டு. செலுத்துவது பம்பு. ரெயிலில் இரண்டரை மூன்று ‘பார்’ (அழுத்த அலகு) அழுத்தத்தை அதுதான் உண்டாக்குகிறது. இன்ஜெக்டர் செய்வது, மின்காந்தம் இழுக்கும்போது ஒரு மயிரிழை வாயைத் திறந்து சில மில்லி நொடியில் மூடுவது. அப்போது பெட்ரோல் கூம்பாக, புகைபோலத் தூவி வரும். ஆகவே ‘தூவி’ என்பது என் பரிந்துரை. பழைய இலக்கியத்தில் தூவி பறவையின் இறகு என்று இந்த இழையில் ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், ஆனால் ‘எரிபொருள் தூவி’ என்னும்போது யாரும் இறகைத் தேடமாட்டார்கள்.

இன்ஜெக்டருக்கு ‘பீச்சி’ என்ற சொல் கொச்சையாக இருக்கிறது என்று இந்த இழையில் சிலர் தள்ளிவிட்டார்கள். அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை. பால் பீச்சுகிறவர்கள் தினமும் சொல்லும் சொல். ஆனால் பீச்சுதல் ஒற்றைத் தாரையாக அடிப்பது. பிசின் படிந்த இன்ஜெக்டர்தான் அப்படி அடிக்கும். அதனால் அதைக் குறையின் பெயராக வைத்துக்கொள்வோம். நல்லது தூவுகிறது, அடைத்தது பீச்சுகிறது, மூடாதது சொட்டுகிறது. லாரிக்காரர்களோடு பழகியவர்களுக்கு இது புதிதில்லை. மணலிப் பக்கம் டீசல் நாசிலை (டீசல் இன்ஜெக்டரின் நுனி) கைப்பம்பில் மாட்டி அடித்துப் பார்ப்பவர்கள் ‘சொட்டுதுபா, வைக்காதே’ என்றுதான் சொல்வார்கள்.

> அகக்கசிவு, புறக்கசிவு என்று இணையாக வைக்கலாமே?

அழகான இணைதான். ஆனால் அகக்கசிவு என்றால் எனக்குக் கோயிலில் உருகி நிற்பவர்தான் நினைவுக்கு வருகிறார். இடத்தையும் அது காட்டவில்லை. உள்ளே விழுவதற்கு ‘நுனிச்சொட்டு’, மேல் வளையத்தில் வெளியே வருவதற்கு ‘வளையக்கசிவு’ என்று வைப்போம். கீழ் வளையம் போனால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அதற்குப் பட்டறையில் ‘ஏர் இழுக்குது’ என்கிறோம். ‘காற்றிழுப்பு’ என்று எழுதினால் போதும்.

அந்த 944-இன் மூன்றாவது தூவி அலசிய பிறகும் சொட்டியது. நாலையும் ஒரே அளவு பாய்ச்சும் புதிய செட்டாக மாற்றினோம். எஞ்சின் ஆயிலையும் மாற்றினோம். சூட்டில் நிறுத்தி இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினார்; பிடித்துக்கொண்டது. இப்போது சீட்டில் ‘3-ஆம் தூவி, நுனிச்சொட்டு’ என்று எழுதினால் பையன் நேராக அட்டையை எடுத்துக்கொண்டு போகிறான்.

யாழ்ப்பாணம், கொழும்பு நண்பர்கள் அங்கே பட்டறைகளில் இவற்றுக்கு என்ன சொல்கிறார்கள் என்று எழுதினால், பட்டியலை இறுதி செய்யும் முன் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

அன்புடன்.