பிக்கப் சூடேறுதா? எப்போ ஏறுதுன்னு முதல்ல சொல்லுங்க

சுங்கை காடுட் டீசல்

ஏப்ரல், மே வந்தா "வண்டி ஹீட் ஆகுது, என்ன மாத்தணும்?"னு கேள்வி வர ஆரம்பிச்சிடும். ஊர்ல கத்திரி வெயில் அடிக்கிற நேரம் இங்கே ரெண்டு பருவக்காத்துக்கும் நடுவுல காத்தே அசையாது. ஆனாலும் வெயில் மேல மட்டும் பழி போடாதீங்க. சிங்கப்பூர்ல இதுவரைக்கும் பதிவான அதிகபட்சமே 37 டிகிரிதான், 1983 ஏப்ரல்ல தெங்காவுல ஒரு தடவை, 2023 மே 13 அங் மோ கியோவுல ஒரு தடவை. இதே மாதிரி பிக்கப்புங்க 45 டிகிரி வளைகுடா நாட்டுலயும் ஓடுது. முன்னாடியே இருக்குற குறையைத்தான் வெயில் வெளியில கொண்டுவருது.

அதனால பார்ட்ஸ் கடைக்குப் போறதுக்கு முன்னாடி, எப்போ ஏறுதுன்னு பாருங்க. ஜேம்ல நிக்கும்போது ஏறி, ஓட ஆரம்பிச்சதும் இறங்குதுன்னா காத்துப் பிரச்சனை. ஜேம்ல நல்லா இருந்துட்டு, பிகேஇ எக்ஸ்பிரஸ்வேயில பாரத்தோட மேடேறும்போது ஏறுதுன்னா தண்ணி ஓட்டம் பத்தலை. ராத்திரி முழுக்க ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ரெண்டே நிமிஷத்துல மேல் ஹோஸ் கல்லு மாதிரி விறைச்சா, சிலிண்டர் காஸ் தண்ணிக்குள்ள வருது.

டாஷ்போர்டு முள்ளை நம்பாதீங்க. இப்போ வர்ற பல வண்டியில 80லயும் 100லயும் அது நடுவுலயேதான் நிக்கும், நகர ஆரம்பிக்கும்போது விஷயம் கை மீறியிருக்கும். வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓபிடி ரீடர் ஒண்ணு சொருகி, கூலண்ட் (எஞ்சினைக் குளிர வைக்கிற திரவம்) சூட்டை எண்ணாப் பாருங்க. அவங்கவங்க கையில வந்த வண்டியில எது கெட்டிருந்துச்சுன்னு எழுதினா மத்தவங்களுக்கும் உதவும்.

ஸ்பேனர்14

உட்லண்ட்ஸ் காஸ்வே ஜேம்ல மட்டும் ஏறுற வண்டியில பெரும்பாலும் ஃபேன் கிளட்ச்தான், அதாவது ரேடியேட்டர் விசிறியை எஞ்சினோட இணைக்கிற பாகம். என் கையில வந்தது 2.5 லிட்டர் டீசல், ட்வின் கேப். ஏர்கானை நிறுத்தினா 108ல இருந்து 97க்கு இறங்கும், போட்டா மறுபடி ஏறும். ரேடியேட்டர் மாத்தியாச்சு, வாட்டர் பம்ப் மாத்தியாச்சு, அப்படியேதான் இருந்துச்சு.

கிளட்சுக்குள்ள சிலிக்கான் எண்ணெய் இருக்கு. முன்பக்கம் சுருள் மாதிரி ஒரு பட்டை. ரேடியேட்டர்ல இருந்து வர்ற சூட்டுக்கு அது திரும்பி உள்ளே வால்வைத் திறக்கும், எண்ணெய் நிரம்பி விசிறி இறுகும். எண்ணெய் கசிஞ்சு போச்சுன்னா விசிறி பேருக்குத்தான் சுத்தும். எஞ்சின் நல்லா சூடான பிறகு ஆஃப் பண்ணி, சாவியைக் கையில எடுத்துக்கிட்டு, விசிறியைக் கையால தள்ளுங்க. அரைச் சுத்துக்குள்ள நின்னா சரி, ரெண்டு மூணு சுத்து ஓடினா கிளட்ச் போயிடுச்சு. நடு பேரிங்கைச் சுத்தி ஆரம் மாதிரி எண்ணெய்க் கறை படிஞ்சிருந்தா தள்ளிப் பார்க்கவே வேண்டாம். காதும் சொல்லும்: நல்ல கிளட்ச் இறுகும்போது சின்ன விமானம் மாதிரி இரையும். சூடேறின வண்டி ஜேம்ல அமைதியா நின்னா சந்தேகப்படுங்க.

சிரிஞ்சால சிலிக்கான் எண்ணெய் ஏத்துறவங்க இருக்காங்க. கொஞ்ச நாள் தள்ளும். ஆனா விசிறி நுனியைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டினா ஆட்டம் தெரியுதா, அந்த வேலையே வேண்டாம், என்னைக்காவது விசிறி ரேடியேட்டருக்குள்ள போய்ச் சொருகும். இன்னொண்ணு, கழட்டின கிளட்சை மல்லாக்கப் போடாதீங்க. நிமித்தி வைங்க.

ரேடியேட்டர் கடை

கட்டுமானத் தளத்துக்குப் போகும் வண்டி என்றால் சிமெண்ட் தூசியைத்தான் முதலில் தேடுவேன். வெளியிலிருந்து பார்த்தால் ஏர்கான் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இரண்டு விரல் இடைவெளியில்தான் எல்லாம் கம்பளி மாதிரி படிந்திருக்கும்: தூசி, பூச்சி, காய்ந்த இலை. கண்டென்சரின் மேல் போல்ட்டுகளைக் கழற்றி, காஸ் பைப்பை மடக்காமல் சற்று முன்னால் சாய்த்து, டார்ச் அடித்துப் பாருங்கள்.

இதில் எல்லோரும் செய்யும் தவறு, எடுத்த எடுப்பில் தண்ணீர் அடிப்பது. சிமெண்ட் மேல் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று தளத்தில் வேலை செய்பவருக்குச் சொல்லவா வேண்டும்? முதலில் காற்று, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, வந்த வழியே தூசி வெளியேறும்படி. 3 பார் போதும். தூசி வருவது நின்ற பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீர். கார் கழுவும் ஜெட்டைக் கிட்டே கொண்டுபோனால் தகடுகள் மடங்கிப் படுத்துவிடும், அப்புறம் காற்று போகவே போகாது.

உள்ளே அடைப்பா என்று பார்க்க சூடு அளக்கும் லேசர் துப்பாக்கி வாங்கிக்கொள்ளுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது தப்பாகக் காட்டும், அதனால் நாலைந்து இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும். தண்ணீர் உள்ளே வரும் முனையிலிருந்து வெளியேறும் முனை வரை சூடு படிப்படியாகக் குறைந்தால் நல்லது. நடுவில் ஒரு பட்டை மட்டும் திடீரென 15, 20 டிகிரி குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. பழைய பித்தளை ரேடியேட்டரில் தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டு எடுக்கலாம். பிளாஸ்டிக் தொட்டி, அலுமினியக் கோர் என்றால் புதிதுதான்.

இந்த அடைப்பு ஏன் வருகிறது? "இங்கே பனியா பெய்கிறது, கூலண்ட் எதற்கு?" என்று வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றுவதால். கூலண்டில் துருத் தடுப்பும் இருக்கிறது. வார்ப்பிரும்பு பிளாக்கில் வெறும் தண்ணீர் விட்டால் செங்காவித் துரு கரைந்து வந்து ரேடியேட்டரில் தங்கும். 50:50 கலவை, அதுவும் காய்ச்சி வடித்த நீரோடு.

நட்டு போல்ட்டு

ஒரு சந்தேகம். ஊர்ல எல்லாரும் தெர்மோஸ்டாட்டை (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணி வழியைத் திறக்குற வால்வு) கழட்டித் தூக்கிப் போட்டுடுவாங்க. இந்தச் சூட்டுல அது தேவையே இல்லைன்னு சொல்றாங்களே?

சுங்கை காடுட் டீசல்

தம்பி, கழட்டினா சூடு கூடுற வண்டியும் இருக்கு. பல டீசல் எஞ்சின்ல தெர்மோஸ்டாட் அடியில இன்னொரு தட்டு இருக்கும். ரேடியேட்டர் வழி திறக்கும்போது அந்தத் தட்டு போய் பைபாஸ் வழியை அடைக்கும். நீங்க கழட்டிட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும், தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம எஞ்சினுக்குள்ளயே சுத்தி வரும். "தண்ணி வேகமா ஓடுது, ஆற நேரமில்லை"னு சொல்வாங்களே, அது தப்பு. வழி மாறிப் போறதுதான் காரணம். அந்தத் தட்டு இல்லாத வண்டியில நேர்மாறு: சூடே ஏறாது, கம்ப்யூட்டர் எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்குன்னு நினைச்சு டீசலைக் கூட அடிக்கும்.

கழட்டினதைத் தூக்கிப் போடாம சட்டியில தண்ணி வச்சு, நூல்ல கட்டித் தொங்க விட்டு, தெர்மாமீட்டரோட சுட வைங்க. அடியில படாம பார்த்துக்குங்க. 82ன்னு பொறிச்சிருந்தா 82 பக்கத்துல வாய் திறக்கணும், 95ல 8 மில்லிமீட்டருக்குக் குறையாம திறந்திருக்கணும்.

பிக்கப் ஓட்டி

எல்லாரும் மறக்கிற சாமான் ரேடியேட்டர் மூடி. 1.1 பார் அழுத்தத்துல வெறும் தண்ணியே 120 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். மூடி ரப்பர் காஞ்சு போனா 100லயே பொங்கும். மூடி நடுவுல இருக்குற குட்டி வால்வு கெட்டா இன்னொரு கூத்து: ஆறும்போது ரிசர்வ் டப்பாவுல இருந்து தண்ணி திரும்பி வராது. டப்பா நிறைஞ்சிருக்கும், ரேடியேட்டர் காலியா இருக்கும். காலையில ஆறின எஞ்சின்ல மூடியைத் திறந்து பார்த்தாத்தான் தெரியும். டப்பாவை மட்டும் பார்த்துட்டு "தண்ணி இருக்கே"ன்னு கிளம்பாதீங்க. பொங்குதுன்னு கூடுதல் அழுத்த மூடியும் போடாதீங்க, பழைய ஹோஸ் பிச்சுக்கும்.

ஸ்பேனர்14

மேட்டுல ஏறுற கேஸுக்கு ஒண்ணு: பானெட்டைத் திறந்து வச்சு, ஒருத்தரை 3000 ஆர்பிஎம் பிடிக்கச் சொல்லிட்டு கீழ் ஹோஸைப் பாருங்க. பம்ப் உறிஞ்சுற வேகத்துல அது சப்பையா ஒட்டினா ஹோஸ் தொஞ்சிருக்கு, இல்லேன்னா ரேடியேட்டர் அடைச்சிருக்கு. கை, சட்டை ரெண்டும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

சுங்கை காடுட் டீசல்

வெளியில ஒழுக்கே இல்லாம வாரம் அரை லிட்டர் குறையுதுன்னா சிலிண்டர் ஹெட் கேஸ்கட்டுன்னு உடனே ஹெட்டைக் கழட்டாதீங்க. எஞ்சினுக்குத் திரும்பிப் போற புகையை ஆற வைக்கிற இஜிஆர் கூலர் உள்ளே விரிசல் விட்டாலும் இதே அறிகுறிதான்: காலையில வெள்ளைப் புகை, இனிப்பு வாடை. ஆறின எஞ்சின்ல கைப்பம்பால மூடி அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏத்தி 15 நிமிஷம் விடுங்க. முள் இறங்குது, ஒழுக்கைக் காணோம்னா, இஜிஆர் கூலர் தண்ணி வழியைத் தனியா அடைச்சிட்டு மறுபடி ஏத்துங்க. இப்போ முள் நின்னா கூலர்தான் குற்றவாளி. சிலிண்டர் காஸ் தண்ணிக்குள்ள வருதான்னு சோதிக்கிற நீலத் திரவம் பெட்ரோல் வண்டியில மஞ்சளாகும், டீசல்ல பச்சையாத்தான் மாறும், மஞ்சளுக்குக் காத்திருக்காதீங்க.

நட்டு போல்ட்டு

எக்ஸ்பிரஸ்வேயில நடுவழியில ஏறினா?

பிக்கப் ஓட்டி

ஏர்கானை நிறுத்துங்க. ஹீட்டரைத் திறந்து விடச் சொல்லுவாங்க யூடியூப்ல, இங்கே பல பிக்கப்ல ஹீட்டரே கிடையாது. இடது ஓரம் ஒதுங்கி, ஹசார்ட் போட்டு, எஞ்சினை நிறுத்தி, பின்னாடி இருக்குற ஆளுங்களைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அனுப்புங்க. எமாஸ் (எக்ஸ்பிரஸ்வே கண்காணிப்பு அமைப்பு) மீட்பு வண்டி வந்து பக்கத்துல குறிச்சிருக்குற கார்பார்க் வரைக்கும் இலவசமா இழுத்து விடும். முக்கால் மணி நேரத்துக்கு மூடியைத் தொடாதீங்க. கொதிக்கிற எஞ்சின்ல பச்சைத் தண்ணி ஊத்தினா அலுமினிய ஹெட் விரிசல் விடும்.

நட்டு போல்ட்டு

சட்டியில போட்டுப் பார்த்தாச்சு. 82ன்னுதான் பொறிச்சிருக்கு, 95ல 3 மில்லிமீட்டர்தான் திறக்குது. புதுசுல ஓரமா ஆடுற ஊசி ஒண்ணு இருக்கே, அது மேலயா கீழயா?

சுங்கை காடுட் டீசல்

மேலே. தண்ணி நிரப்பும்போது உள்ளே மாட்டின காத்து அந்த ஓட்டை வழியாத்தான் வெளியேறணும். ரப்பர் வளையமும் புதுசாப் போடுங்க.